மனத்தைக் கலக்கும் படங்களைக் காணலாகுமா?

சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்துப் படிப்பறையில் இளைஞர் சிலர் வெள்ளைத் துணி கட்டி ஒரு படக்காட்சி நடத்தினர். படம் 'குதிரைவால்'. மனோஜ் லியோனல் ஜாசன், ஷ்யாம் சுந்தர் என்னும் இருவர் இயக்கி, 2022ஆம் ஆண்டில் திரைக்கு வந்த தமிழ்ப் படம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவன் ஒரு நாட்காலை கனவினின்று விழிக்கிறான். அவன் உடம்பில் குதிரையின் வால் முளைத்திருக்கிறது. அது ஏன் முளைத்ததென்று பலரிடம் போய்க் கேட்டுத் திரிகிறான். படம் முடிவதற்குள் பாதிப்பேர் எழுந்து போய்விட்டனர். கடைசிவரை இருந்த மூத்த உபாசகர் ஒருவர், "ஐயா, கலங்கிய மனத்தைத் தெளியவைக்க இங்கு வருகிறோம். தெளிந்த மனத்தைக் கலக்குவதற்கு ஒரு படம் வேண்டுமா?" என்று நம்மை வினவினார்.

வினா நியாயமானது. அன்று நம்மிடம் விடை இல்லை; இருந்ததுபோல் ஏதோ பேசிச் சமாளித்தோம். பிறகு பல நாள் எண்ணியதையே இங்கு எழுதுகிறோம்.

பெரியவர் பக்கம் நூற்சான்றும் உண்டு. சம்யுத்த நிகாயத்தில் தாலபுடன் என்னும் கூத்தர் தலைவன் பகவரிடம் வந்து, மேடையில் மக்களைச் சிரிக்கவைத்து மகிழ்விப்பவன் மறுமையில் நகைக்கும் தேவரோடு பிறப்பான் என்று முன்னோர் சொல்கின்றனரே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறான். அதைக் கேளாதே என்று இருமுறை தடுத்த பகவர், மூன்றாம் முறை விடை தருகிறார். முன்னமே ஆசையிலும் வெறுப்பிலும் மயக்கத்திலும் கட்டுண்ட மக்களுக்கு அம்மூன்றையுமே மேலும் ஊட்டி, தானும் மதிமயங்கிப் பிறரையும் மதிமயக்குபவன் நரகத்தையே அடைவான் என்பது அவ்விடை. தாலபுடன் அழுதான். தங்கள் சொல்லுக்காக அழவில்லை, இத்தனை காலம் ஏமாற்றப்பட்டேனே என்று அழுகிறேன் என்றான். அவனே பின்பு துறவு பூண்டு அருகத்தானான்.

இச்சூத்திரத்தைக் காட்டி எல்லாப் படங்களையும் ஒதுக்குவோர் உண்டு. நாம் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தோம். அங்கே குற்றமாகச் சொல்லப்படுவது மதிமயக்குதல். மனம் கலங்குவது வேறு, மயங்குவது வேறு. மயங்கியவன் தன் நிலையை அறியான். கலங்கியவனோ தனக்கு ஏதோ நேர்ந்ததென்று அறிவான்.

மயக்கத்துக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2018இலும் 2022இலும் இரு பாகங்களாக வந்த 'கே.ஜி.எஃப்' படத்தை அறியாதார் யார்? அதில் வரும் நராச்சி கற்பனை ஊர், பெயர்மட்டும் நம்முடையது. நம் சயனைடு மண்மேட்டில் படம் பிடித்தார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அம்மேட்டு மண் பறந்து வந்து நம் வீட்டுச் சோற்றில் விழுகிறதே, அது படத்தில் இல்லை. தனி ஒரு வீரன் வந்து அடிமைகளை மீட்கிறான். நம் பாட்டன்மார் சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, கூலி கேட்டவர்கள் என்பதை அறியாமலே நம் பிள்ளைகள் அவ்வீரனைப்போல் தாடி வளர்த்தனர். கொட்டகையில் நாமும் ஓரிடத்தில் கைதட்டினோம் என்பதை மறைப்பானேன்? வீடு திரும்பியபின்தான் எதற்குக் கைதட்டினோம் என்று வெட்கினோம். மயக்கம் என்பது அதுதான். 2024இல் பா. இரஞ்சித் எடுத்த 'தங்கலான்' அதே மண்ணின் கதையை ஆவியும் கனவும் புத்தர் சிலையும் கலந்து சொன்னது. அதில் நமக்குக் குறைபட்ட இடங்கள் உண்டு. ஆயினும் படம் விட்டு வந்தவர்கள் தத்தம் கொள்ளுப்பாட்டன் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தான் என்று பேசிக்கொண்டு போனதைக் காதால் கேட்டோம்.

இவ்வகைப் படங்கள் அந்நிய நாட்டு மோகம் என்று சிலர் சொல்வர். ஜான் ஆபிரகாம் 1977இலேயே தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார். எழுதியவர் வெங்கட் சாமிநாதன். ஒரு கழுதைக்குட்டியை அடித்துக் கொன்ற அக்கிரகாரத்தார், பின்பு அதற்கே தெய்வத்தன்மை ஏற்றுகின்றனர். சிரிப்பதா அஞ்சுவதா என்று தெரியாமல் நம்மை உட்காரவைக்கும் படம் அது. அதற்கும் முன்னே போனால் நம் மணிமேகலை இருக்கிறது. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில், தலையொன்றைக் கையிலேந்தி ஆடும் பேய்மகளைக் கண்டு அஞ்சிச் சார்ங்கலன் என்னும் சிறுவன் உயிர்விடுகிறான். சாத்தனார் அக்காட்சியைச் சுருக்கவும் இல்லை, மெழுகவும் இல்லை.

இனி, புரியவில்லை என்னும் குறை. நாம் அதிகம் படித்தவரல்லோம். சுரங்கத்து மில்லில் கல்லரைக்கும் இயந்திரங்களின் நடுவே வேலை செய்து, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வெளியே வந்தவர். அங்கே ஒரு டன் கல்லை அரைத்தால் கிடைப்பது சில கிராம் தங்கம். மற்றதெல்லாம் மேட்டுக்குப் போகும். அதற்காக எவரும் அரைக்காமல் இருந்ததில்லை. படத்தில்மட்டும் காட்சிக்குக் காட்சி பொருள் கையில் வந்து விழவேண்டுமென்று கேட்கிறோம். ஆயினும் கல்லெல்லாம் கனிக்கல்லன்று. வெறுங்கல்லை அரைத்துவிட்டு, உனக்குத்தான் தங்கம் தெரியவில்லை என்று அதட்டுகிற படங்களும் இருக்கின்றன. 'குதிரைவால்' படத்திலேயே பின்பாதியில் பல இடங்கள் மேட்டுக்குப் போகவேண்டியவை என்பது நம் கருத்து. இளைஞர்கள் ஒப்பவில்லை.

அடுத்த மாதம் அவர்கள் வேறொரு படம் காட்டினார்கள். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது. மலையாளப் படமெனினும் பெரும்பகுதி தமிழே. வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் பேருந்து ஒன்று. உண்டபின் எல்லாரும் உறங்குகின்றனர். ஜேம்ஸ் என்பவன்மட்டும் விழித்து, வண்டியை நிறுத்தி இறங்கி, வயலுக்குள் நடந்து ஒரு தமிழ்ச் சிற்றூரை அடைகிறான். ஒரு வீட்டுக்குள் தன் வீடுபோல் நுழைகிறான். மாட்டைத் தொடுகிறான், தமிழ் பேசுகிறான். ஈராண்டுக்கு முன் அவ்வீட்டிலிருந்து காணாமற்போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறான். கண் தெரியாத தாய் ஏற்றுக்கொள்கிறாள். மனைவி திகைத்து நிற்கிறாள். ஊரார் நீ யாரென்று கேட்க, இது என் மண் என்று அவன் கதறுகிறான். மம்முட்டி நடித்திருக்கிறார். தேனி ஈஸ்வரின் ஒளிப்படக் கருவி அசையாமல் நிற்கிறது. பின்னணி இசைக்குப் பதில் எங்கோ ஒரு வீட்டிலிருந்து பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் வந்துகொண்டே இருக்கின்றன. ஏன் இப்படி நேர்ந்தது என்று படம் கடைசிவரை சொல்வதில்லை.

இம்முறை எவரும் எழுந்து போகவில்லை. சுரங்கம் மூடியபின் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவு உறங்கி வழிந்து திரும்பும் ஊர் இது. பகலில் ஓரிடத்தில் ஒருவனாகவும், இரவில் இங்கே வேறொருவனாகவும் இருப்பது நம்மவர்க்குத் தெரிந்த வாழ்வு. போய்த் திரும்பாதவர்களும் உண்டு. விளக்கைப் போட்டபின் உபாசகி ஒருவர் உட்கார்ந்தபடியே இருந்தார். மூடிய ஆண்டிலேயே வேலை தேடிப் போன அவர் கணவரைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. "அண்ணா, அவர் வேறு முகத்தோடு வந்து பசிக்கிறது என்றால் நான் சோறு போடுவேனா, கதவைச் சாத்துவேனா?" என்று கேட்டார்.

அநாத்மத்தைப் பற்றி நாம் இருபது ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். பிறந்தவன் அவனேயா, வேறொருவனா என்று மிலிந்த மன்னன் கேட்க, இரண்டும் அல்ல என்று நாகசேனர் இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டி விளக்கியதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்போம்! கேட்டவர் தலையசைப்பர், நாமும் மகிழ்ந்து வீடு திரும்புவோம். சொல்லிச் சொல்லி அதை வழுவழுப்பாக்கி விட்டோம் என்று அன்றுதான் அறிந்தோம். 'நான்' என்று ஒன்று நிலையாக இல்லை என்னும் சொல் உண்மையில் காதில் விழுந்தால் ஒருவன் தலையசைத்துக்கொண்டு இருக்க இயலுமா? அவ்வம்மையார் தலையசைக்கவில்லை. நடுங்கினார். போதகராகிய நாம் செய்யத் தவறியதை ஒரு படம் செய்தது. பெரியவர் வினாவுக்கு நாம் கண்ட விடை இவ்வளவே: தெளிவென்று நாம் நினைத்திருந்தது பல சமயம் தெளிவன்று, பழக்கம்.

ஆனால் இதிலும் அளவு வேண்டும். வைசாலியில் பகவர் உடலின் அசுபத்தைச் சிந்திக்கப் போதித்துவிட்டுத் தனிமைக்குச் சென்றார். அவர் திரும்புவதற்குள் பிக்குகள் பலர் தம் உடலை அருவருத்து உயிரை மாய்த்துக்கொண்டனர் என்று விநயம் கூறுகிறது. அதன்பின் அவர் எஞ்சியோரைக் கூட்டி, மூச்சைக் கவனிக்கும் தியானத்தைப் போதித்தார். எனவே கலக்கும் படத்தை யாருக்குக் காட்டுகிறோம், கண்டவரை யார் துணையோடு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பது காட்டுவோர் பொறுப்பு. துக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும். இப்போதெல்லாம் காட்சி முடிந்ததும் உடனே கலையாமல், சற்றுநேரம் மூச்சைக் கவனித்து அமர்ந்திருந்து, பேசிவிட்டுத்தான் போகிறோம். புரியவில்லை என்றவரைப் பார்த்துச் சிரித்த இளைஞர் ஒருவரைக் கண்டிக்கவும் வேண்டியிருந்தது. விளங்காத படத்தை விளங்கியதாகக் காட்டிக்கொள்ளும் செருக்கும் ஒரு மயக்கமே. தாடி வளர்த்த பிள்ளைகளைவிட இவர் எவ்வகையில் மேல்?

சில வாரம் கழித்து அவ்வுபாசகி மறுபடி அப்படத்தைப் பார்க்கவேண்டும் என்றார். தயங்கினோம். பிறகு நான்கைந்து பேர் உடனிருக்கப் போட்டோம். மறுநாள் நண்பகலில் அவன் அவ்வீட்டில் உண்டு, ஊரே உறங்க, தானும் உறங்கும் இடம் வந்தது. மறுபடி விழிக்கையில் அவன் ஜேம்ஸாகத்தான் விழிப்பான் என்பது அவருக்குத் தெரியும். "இங்கே நிறுத்திவிடுங்கள் அண்ணா" என்றார்.

தம்மம் அறிந்தவர் தொடரச் சொல்லியிருப்பாரோ என்னவோ. நாம் நிறுத்தினோம்.