உறையிலிருந்து எழும் வாள்

கொல்லாமையைப் பஞ்ச சீலங்களில் முதலாவதாக வைத்த புத்த பகவானுடைய தர்மம், வாளேந்திய ஜப்பானிய வீரனுக்கு எங்ஙனம் ஞானபீடமாயிற்று என்னும் வினா, இயாய்தோ எனப்படும் வாளுருவும் கலையை ஆழ்ந்து நோக்குவோர் எவருக்கும் எழாமற் போகாது. அதன் ஆதிபுருஷர் ஹயாஷிசாகி ஜின்சுகே, 16-ஆம் நூற்றாண்டில் ஷிந்தோ தெய்வமொன்றின் சந்நிதியில் தவங்கிடந்து இவ்வித்தையை வரமாகப் பெற்றார் என்பது பரம்பரைக் கதை. ஆதலின் ஜென் என்னும் பௌத்தப் பிரிவின் மடமே இதன் பிறப்பிடம் என்று துணிவது பொருந்தாது. பிறந்த வித்தைக்குத் தத்துவம் தந்த பெருமையே ஜென்னுக்கு உரியது.

அத்தத்துவத்தைத் தெளிவுற எடுத்துரைத்தவர் ஜென்னின் ரின்சாய் மரபுத் துறவியாகிய தகுவான் ஸோஹோ (1573–1645). ஜப்பானின் படைத்தலைமை ஆட்சியாளராகிய ஷோகனுக்கு வாளாசிரியராயிருந்த யாக்யூ முனெனோரிக்கு அவர் வரைந்த நிருபத்தில், எதிரியின் வாளிலோ தன் வாளிலோ, வெற்றியின் ஆசையிலோ தோல்வியின் அச்சத்திலோ சித்தம் ஒரு கணம் தங்கிவிடுமாயின், தங்கிய இடத்திலேயே அது சிறைப்பட்டுவிடும் என்று போதித்தார். ஜப்பானியர் கன்னோன் என்று வணங்கும் அவலோகிதேசுவரருக்கு ஆயிரம் கைகள்; வில்லேந்திய ஒரு கையில் மனம் நின்றுவிட்டால் மற்றைய 999 கைகளும் பயனற்றுப் போகும், எங்கும் நில்லாத மனத்துக்கோ ஆயிரமும் ஏவல் செய்யும் என்பது அவர் காட்டிய திருஷ்டாந்தம்.

இப்போதனை உடம்பில் இறங்கும் விதத்தைப் பயிற்சிக் கூடத்தில் காணலாம். மண்டியிட்டு அமர்ந்த மாணவனுக்கு எதிரே எவருமில்லை. எதிரியைக் கற்பனையிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இடக்கைப் பெருவிரல் வாளின் கைக்காப்பை மெல்ல நெம்ப, வலக்கை பிடியைப் பற்ற, நிதானமாக நழுவிவரும் அலகு, நுனி வெளிப்படும் கணத்தில் பாய்ந்து வெட்டுகிறது. உருவுதலும் தாக்குதலும் இங்கே இரு செயல்களல்ல. பின் உச்சியிலிருந்து ஒரு வீச்சு. குருதியை உதறும் பாவனை. அதன்பின் நோத்தோ, அதாவது வாளை உறையிலிடுதல். உறையின் வாயை இடக்கை விரல்கள் சூழ்ந்திருக்க, அலகின் முதுகு அவ்விரல்களின்மேல் வழுக்கிச் சென்று, நுனி தானே வழி கண்டு உள்ளிறங்குகிறது. கண்கள் உறையை நாடுவதேயில்லை. வீழ்ந்த எதிரிமீதே நிலைத்திருக்கின்றன. செயல் முடிந்தும் விழிப்புக் குன்றாத இந்நிலையை ஸன்ஷின் என்பர்.

ஆயினும், எங்கும் நில்லாத மனம் நல்ல மனமாகவும் இருந்தே தீரும் என்பதை நான் ஒப்பமாட்டேன். 1930-களிலும் உலகப் போர்க் காலத்திலும் இதே சித்த சூனியத்தைப் புகழ்ந்து, ஜென் குருமார் சிலர் இளைஞரைப் போர்க்களத்துக்கு வழியனுப்பினர் என்பது மறைக்கத்தகாத சரித்திரம். சீலம், சமாதி, பிரக்ஞை என்ற பௌத்த வரிசையில் சீலம் முன்னே நிற்பது காரணமின்றியன்று. சமாதி கையைத் தடுமாறாமற் காக்கும், வெட்டலாகாது என்று தடுப்பதோ சீலமே. பொதுவிடங்களில் வாள் தரிப்பதை 1876-இல் மெய்ஜி அரசு விலக்கிய பின்னரும் இக்கலை அழியவில்லை. நகயாமா ஹகுதோ (1872–1958) போன்ற ஆசான்கள், இடுப்பில் வாளின்றி வீதியில் நடந்த தலைமுறைக்கு இதனைக் கற்பித்தனர். பயில்வோர் பலர் கையில் இன்றிருப்பது கூர்தீட்டாத வாள். கொலைக்குரிய அவசியம் நீங்கிய பின்னர்தான் இக்கலை தான் தழுவிய தர்மத்தோடு முரணின்றிப் பொருந்திற்று என்பது என் துணிபு. தரத்தேர்வு நடத்தும் ஆசான்களும் வெட்டின் வேகத்தை மட்டும் கண்டு அமைவதில்லை. வாள் முழுதும் உறைபுகும் வரை மாணவனின் பார்வை எங்கேனும் தளர்ந்ததா என்று நோக்கியிருக்கின்றனர்.