பிள்ளைத் தொகையும் பெண்ணின் சொல்லும்



ஏழை நாடுகளில் பிள்ளைகள் ஏன் மிகுதியாய்ப் பிறக்கின்றன என்று கேட்டால், அறியாமையே காரணம் என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். யாருடைய அறியாமை? நம் தேசத்தில் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கைப் பாருங்கள். பள்ளி வாசலை மிதியாத ஸ்திரீக்குச் சராசரி 2.8 பிள்ளைகள், 12 வகுப்பும் அதற்கு மேலும் படித்தவளுக்கு 1.8. பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8. பள்ளிக்கு அனுப்பாமல் அவளை அடுப்படியில் நிறுத்தியவர்கள் வேறு யாரோ அன்றோ? படித்தவளுக்கு விவாகம் சற்றுத் தள்ளிப் போகிறது; பெற்ற பிள்ளை பிழைக்கிறது; புருஷனிடம் வாய் திறந்து பேசவும் தைரியம் வருகிறது.

ஆண்பிள்ளை ஆசை இன்னொரு காரணம். மூன்றும் பெண்ணானால் நான்காவதையும் பார்ப்போம் என்பார்கள். (பார்ப்பவர் ஒருவர், பெறுகிறவள் ஒருத்தி.) இப்படி ஆணை எதிர்பார்த்திருந்த வீடுகளில் பிறந்த 'வேண்டாத' பெண்கள் 2 கோடியே 10 லட்சம் பேர் என்று 2018-இல் வெளிவந்த மத்திய அரசின் பொருளாதார அறிக்கை மதிப்பிட்டது.

ஆகையால் பெண்ணைப் படிக்க வைத்தால் ஜனத்தொகை குறையும் என்கிறார்கள். பலன் மெய்தான். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு முழுவதும் பிடிக்கவில்லை. பிறப்பு குறையாது போனால் அவளைப் படிக்கவைக்க வேண்டாமா? மாமியார் வீட்டில் வாரிசுக்குக் கருவி, சர்க்கார் கணக்கில் எண்ணைக் குறைக்கக் கருவி. அவள் எப்போது ஓர் ஆளாவாள்?

பிறப்பு குறைந்தவுடன் நீதியும் வந்துவிடுகிறது என்று எண்ணாதீர்கள். பிறப்பு வெகுவாய்க் குறைந்திருந்த நம் தமிழ்நாட்டில்தான், பெண் சிசுக்களைக் கொல்லாதிருக்கும்படி 1992-இல் சேலத்தில் அரசு தொட்டில் வைக்க நேர்ந்தது. ஆண் ஆசை அப்படியே இருக்க, பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் சுருங்கினால், கழிக்கப்படுவது பெண்ணே.

மேற்சொன்ன 2019-21 கணக்கிலேயே இன்னொன்றும் உண்டு. மணமான ஸ்திரீகளில் 100-க்குச் சுமார் 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பமோ 1000-க்கு 3. ஆணுக்குச் செய்வதே எளிய சிகிச்சை என்று வைத்தியர்கள் சொல்லியும் கதை இதுதான்.

திருச்சபை இந்த அறுவையை ஒப்புவதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. ஆனால் அது காட்டும் இயற்கை வழியும், கணவன் மாதத்தில் சில நாள் தன்னை அடக்கிக்கொள்ள இசைந்தாலன்றி நடவாது. 'இன்று வேண்டாம்' என்று மனைவி சொன்னால் அந்தச் சொல் எடுபடுகிற வீடுகள் நம் பங்கில் எத்தனை?