தீர்ப்பு வேறு, உரிமை வேறு



காற்பந்து மத்தியஸ்தரின் தீர்ப்பைப் படக்கருவி கொண்டு மறுபடி பார்ப்பது தகுமா, தகாதா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மார்க்கம் பேசுமிடத்தில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். இது சாட்சியையும் நீதியையும் பற்றிய வழக்கு.

1986-இல் மெக்சிகோ நகரில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதியில் மாரடோனா கையால் தட்டிய பந்து இங்கிலாந்தின் வலைக்குள் புகுந்தது. தூனிசியா நாட்டு மத்தியஸ்தர் கை பட்டதைக் காணவில்லை, கோல் என்றார். அர்ஜெண்டினா 2-1 என வென்றது. மறைந்தவரை ஏசுவது நம் நோக்கமன்று. ஆனால் மத்தியஸ்தர் ஊதிய ஊதல், கையைத் தலையாக்கி விடுமா?

நாவன்மையால் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றுப் பிறர் உரிமையை எடுத்துக் கொள்பவர், நெருப்புத் துண்டையே எடுத்துச் செல்கிறார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தீர்ப்பு வழக்கை முடிக்கும், ஹராமை ஹலாலாக்காது.

2018 மார்ச்சில் இந்தக் கருவி ஆட்ட விதிகளில் இடம்பெற்று, அவ்வாண்டே ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் பயன்பட்டது. ஆட்டம் தடைப்படுகிறது, கோல் விழுந்த மகிழ்ச்சியும் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்று பலர் குறைப்பட்டனர். 2024-இல் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் இதை நீக்க ஒரு குழு தீர்மானம் கொண்டு வந்தது. மற்ற 19 குழுக்களும் எதிர்த்து வாக்களித்தன. தாமதம் சிரமந்தான்; உரிமை பறிபோவது அதனினும் பெரிது. ஆகவே கருவி இருக்கட்டும் என்பதே நம் கருத்தும்.

எனினும் கருவியே நீதியாகி விடாது. 2023 செப்டம்பர் 30-இல் டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலை, ஆஃப்சைடு என்று களத்தில் மறுத்தனர். அது சரியான கோல் என்பதைப் படம் காட்டியது. அறையில் இருந்தவர்களோ, களத்தில் கோல் கொடுக்கப்பட்டு விட்டதாக எண்ணி, பரிசோதனை முடிந்தது என்று சொல்லி விட்டனர். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகே தவறு புரிந்தது. விதி திரும்பிப் போக இடம் தரவில்லை. படம் பொய் சொல்லவில்லை, மனிதர் தடுமாறினர்.

வணிகப் பெருமக்களே! நம் கடைகளில் மின்தராசு இருக்கிறது. அது எடையைச் சொல்லும். பழைய சரக்கைப் புதியதோடு கலந்ததைச் சொல்லாது. கல்லாவுக்கு மேலுள்ள கேமரா பணியாளரைப் பார்க்கிறது. முதலாளியைப் பார்ப்பது யார்? வாடிக்கையாளர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த நோட்டுக்கு எந்த மத்தியஸ்தர் ஊதுவார்? அளவில் மோசம் செய்வோருக்கென்றே திருமறையில் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயம் இறங்கியிருப்பதை மறக்கலாகாது.

கியாமத்து நாளில் வாய்கள் முத்திரையிடப்படும், கைகளே பேசும். அன்று மறுபார்வைக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அந்தக் கைகள் நமக்குச் சாதகமாகப் பேசும்படி, இன்றே கணக்கை நேர் செய்து கொள்வோமாக. வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.