பிரார்த்தனையும் பொதுநலமும்

லாபத்தை அங்கத்தினருக்குப் பங்கிடாமல், வர்த்தகம், கலை, விஞ்ஞானம், மதம், தர்மம் முதலிய நோக்கங்களுக்கே செலவிடுவதாக உறுதி கூறும் ஒரு சங்கம் கம்பெனியாகப் பதிவு பெறுவதற்கு, நம் தேசத்தின் 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இடமளித்தது. 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 8-ஆம் பிரிவோ அவ்வரிசையில் கல்வி, விளையாட்டு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முதலியவற்றையும் சேர்த்தது. வர்த்தகத்தையும் மதத்தையும் ஒரே பந்தியில் அமர்த்தியிருப்பதைக் கண்டு புன்னகைப்போர் புன்னகைக்கட்டும். மதத்தினால் பொதுஜனம் அடையும் பயனை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி மட்டும் புன்னகைக்கு உரியதன்று.

இங்கிலாந்தில் இக்கேள்வி 1949-இல் பிரபுக்கள் சபையின் முன் வந்தது. லண்டனில் உலகத் தொடர்பை அறவே துறந்து, பிரார்த்தனையிலும் தியானத்திலுமே ஆயுளைக் கழித்துவந்த கார்மலைட் கன்னியாஸ்திரீகளின் மடத்துக்கு, அதன் நோக்கம் சட்டப்படி தர்மமாகுமானால் மட்டுமே சேரும் என்ற நிபந்தனையுடன் 500 பவுன் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய பிரார்த்தனையினால் உலகத்தாருக்கு அருள் கிட்டுகிறது என்பது கத்தோலிக்கரின் விசுவாசம். அவ்விசுவாசத்தைப் பொய்யென்று நீதிபதிகள் சொல்லவில்லை. சாட்சியத்தால் நிரூபிக்க இயலாத பயனைப் பொதுநலமாக ஏற்பதற்கில்லை என்று கூறி, மடத்தின் கோரிக்கையை நிராகரித்தார்கள். துறவியரின் வாழ்க்கை பிறருக்கு நல்லுதாரணமாகும் என்ற வாதமும் எடுபடவில்லை. பக்தியுள்ளோருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும், வரிச்சலுகை முதலிய உபகாரங்களைப் பொதுஜனத்தின் பெயரால் வழங்கும் ராஜ்யம், ஒரு சமயத்தின் விசுவாசத்தையே அத்தாட்சியாகக் கொள்ளுமானால், மற்றச் சமயங்களின் விசுவாசத்தை மறுக்க அதற்கு நியாயம் இராது. ஆகவே, தீர்ப்பு சரியானதென்றே நான் கருதுகிறேன்.