விரித்த கையும் காட்டிய கணக்கும்

ஊர் கூடித் தேர் இழுத்துவிடலாம். தேர் நிலைக்கு வந்தபின் வரவு செலவுக் கணக்கைச் சபையில் வாசிப்பதுதான் அரிது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய பொதுக்காரியங்கள் பல, ஒருவரையொருவர் நம்புவதற்கு வேண்டிய ஏற்பாடு இல்லாமையினாலேயே நடுவழியில் நின்றுபோகின்றன. அத்தகைய ஏற்பாட்டுக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற சாசனம், ஏரியைக் கவனிக்கும் குழுவாகிய ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கையில், பெயரோலைகள் இட்ட குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்றும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்குத் தகுதியுடையவரல்லர் என்றும் விதிக்கிறது. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே அவ்வாரியத்தில் இடம் இருந்தது. மண் வெட்டிச் சுமந்த உழைப்பாளிக்கு அங்கே குரல் இல்லாதிருந்தது பெருங்குறை, அதை மறைக்க வேண்டுவதில்லை. அக்குறையை நீக்கி, அந்த நாணயத்தை நாம் சுவீகரித்துக்கொள்வோமாக. உங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்கை, யாரேனும் கேட்கும்வரை காத்திராமல், கிராம சபையில் நீங்களே எழுந்து நின்று வாசியுங்கள்.