படச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு மனிதர்

அழியப்போகிறது என்று தெரிந்த பின்னரே ஒன்றை நேசிக்கத் தொடங்குவது உண்மையான அன்பாகுமா? பிரிட்டனில் நீராவி இரயில் என்ஜின்களின் இறுதி ஆண்டுகளை, பொழுதுபோக்காகப் படமெடுத்தோர் பதிவு செய்த பழைய படச்சுருள்களைக் காணும்போது இவ்வினா நம் உள்ளத்தில் எழுகிறது.

1948இல் பிரிட்டனின் இரயில்வே நாட்டுடைமையானபோது, அங்கே ஏறத்தாழ 20,000 நீராவி என்ஜின்கள் இருந்தன. 1955ஆம் ஆண்டின் நவீனமயமாக்கல் திட்டம் அவற்றின் இடத்தில் டீசலையும் மின்சாரத்தையும் கொணர முடிவு செய்தது. 1968 ஆகஸ்டு 11ஆம் நாள், லிவர்பூலிலிருந்து கார்லைல் சென்று திரும்பிய சிறப்பு இரயிலோடு, அந்நாட்டின் முதன்மைத் தடங்களில் நீராவியின் காலம் முடிந்தது.

அவ்வாண்டுகளில் எட்டு மில்லிமீட்டர் கேமராவோடு தண்டவாள ஓரங்களில் காத்து நின்றோர் பலர். ஒரு சுருளில் ஏறத்தாழ நான்கு நிமிடக் காட்சியே அடங்கும். பெரும்பாலும் ஒலிப்பதிவு இல்லை. வெண்ணிற நீராவி சீறி எழுவதைக் கண்டே, விசில் ஒலித்தது என்று நாம் அறிகிறோம்.

அப்படங்களில் வரும் என்ஜின்கள் பல, துருவும் கரியும் படிந்து, பெயர்ப் பலகை கழற்றப்பட்டுக் காட்சி தருகின்றன. அவற்றைத் துடைக்கப் போதிய ஆளில்லை. ஆர்வலர் சிலர் இரவில் பணிமனைகளுக்குச் சென்று, தம் கைகளாலேயே அவற்றைத் துடைத்து மெருகேற்றினர். காலந்தாழ்ந்து பிறந்த அன்பும் பொய்யன்று என்பதற்கு, கறைபடிந்த அக்கைகளே சான்று.

ஆயினும் சட்டத்தின் ஓரத்தை உற்று நோக்குவோம். நிலக்கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் ஒரு கணம் எட்டிப் பார்க்கிறார், மறைந்துவிடுகிறார். நெடும்பயணங்களில் டன் கணக்கில் கரியை வாரி நெருப்புக்கு இட்டவர் அவர். டீசல் என்ஜினுக்கு அவருடைய மண்வெட்டி தேவையில்லை. என்ஜினோடு அவருடைய தொழிலும் முடிந்துகொண்டிருந்தது. கேமராவோ சக்கரங்களையே தொடர்ந்து செல்கிறது. கையில் இருப்பது நான்கு நிமிடம் எனில், அதை எதற்குச் செலவிடுவது? இது படமெடுப்போருக்கு மட்டுமே உரிய கேள்வியா?

ஆங்கிலிக்கன் ஆயர் எரிக் ட்ரீசி புகழ்பெற்ற இரயில் புகைப்படக் கலைஞர். லிவர்பூலில் குருவாகப் பணியாற்றிய நாள்களில் என்ஜின் பணியாளரோடு நட்புப் பூண்ட அவர், எந்திரங்களோடு அம்மனிதரையும் படமெடுத்தார். 1978இல் ஆப்பில்பி நிலையத்தில், ஒரு நீராவி இரயிலைப் படமெடுக்கக் காத்திருந்தபோதே இறந்தார். எந்திரத்தின்மீது கொண்ட பற்று, மனிதரைக் காணவிடாமல் அவர் கண்ணை மறைக்கவில்லை.

தென் வேல்ஸின் பாரி நகரில், உடைப்பதற்காக விற்கப்பட்ட என்ஜின்களுள் 213ஐ ஆர்வலர்கள் பின்னாளில் மீட்டெடுத்தனர். பல இன்றும் ஓடுகின்றன. இரும்பு, காலந்தாழ்ந்த அன்புக்காகக் காத்திருக்கும். மனிதர் அவ்வாறு காத்திருக்க இயலாது. நம் படச்சட்டத்தின் ஓரத்திலும் ஒருவர் இப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுருள் தீருமுன் அவர் பக்கம் திரும்புவோம்.