வாடகைக்கு எடுத்த பழமை

இல்லறத்தின் வாயில் திருமணம் என்பர் ஆன்றோர். அவ்வாயிலை எங்கே அமைப்பது என்னும் வினா அண்மைக் காலத்தில் நம் குடும்பங்களில் புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. கல்யாண மண்டபம் இப்போது போதுவதில்லை. நூறாண்டு கடந்த மாளிகையொன்றை வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை அமர்த்தி, அக்காலத்து உடை, அக்காலத்து மோட்டார் வண்டி, கிராமபோன், பித்தளை விளக்குகள், தலைப்பாகை அணிந்த பணியாளர் என மறைந்துபோன உலகம் ஒன்றையே எழுப்பிக் காட்டவேண்டும் என்பது இளையோர் விருப்பம். நீலகிரியிலும் செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் இதற்கென்றே பழைய மாளிகைகள் விடுதிகளாகத் திறந்துள்ளன. இதனை ஆடம்பரம் என்று கடிந்து ஒதுக்குதல் எளிது. நம் இதழ்களில் அவ்வாறு கடிந்தோர் பலர். படித்துத் திருந்தியோர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. ஆதலின் செலவுக் கணக்கை ஒருபுறம் வைத்து, அதனினும் ஆழமான ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

திருவொற்றியூரில் வாழும் அன்பர் ஒருவர் தம் மகளின் திருமணத்திற்கு இத்தகைய ஏற்பாட்டில் முனைந்திருந்தபோது எம்மிடம் வினவினார்: "அந்த மாளிகையைக் கட்டியவன் எவரை வருத்திப் பொருள் சேர்த்தானோ, நான் அறியேன். அவன் வினை, இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கும் என்னையும் வந்து சேருமா?" பணியிலிருந்து ஓய்வு பெற்ற தந்தை, சேமிப்பின் பெரும்பகுதியை அந்த இரண்டு நாளுக்கு எடுத்து வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. விடையளிக்காமல் தட்டிக் கழிக்க இயலவில்லை.

இவ்வினாவுக்கு விடை தேட நீலகிரி வரை செல்ல வேண்டுவதில்லை. அவர் வீட்டிற்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள எண்ணூரே போதும். இன்று எண்ணூர் என்றவுடன் புகைபோக்கிகளும் சாம்பலுமே நினைவுக்கு வரும். ஆயினும் கும்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னைத் துரைமார் ஓய்வு நாளைக் கழிக்கச் சென்ற உல்லாச இடம் அதுவே. கடற்காற்று, உப்பங்கழியில் படகு, மீன், தோட்ட வீடுகள் என்று இன்றைய அழைப்பிதழ்கள் வருணிக்கும் இன்பம் அனைத்தும் அங்கே இருந்தன. பேசில் காக்ரேன் என்பவர் வெட்டுவித்த கால்வாய் 1806 அளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகு செல்ல வழி செய்தது.

அதே காலத்தில், அதே வடசென்னையில் வேறொரு காட்சியும் இருந்தது. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில் ஊர்விட்டு ஓடிவந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782-இல் இராயபுரத்தை ஒட்டி மணியக்காரர் சத்திரம் எழுந்தது. அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று முதியோர் குறிப்பிடுவதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். ஒரு நூற்றாண்டு கழிந்தும் இந்நிலை மாறவில்லை. 1877 சனவரி முதல் நாள் டில்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்துத் தர்பார் நடந்தபோது, சென்னை மாகாணம் பெரும்பஞ்சத்தில் வாடிக் கொண்டிருந்தது. அப்பஞ்சத்தில் நொந்த மக்களே 1877–78-இல் கூலிக்கு மண் சுமந்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டினர். காக்ரேன் கால்வாயும் அவர்கள் வெட்டிய பகுதியும் ஒரே நீர்வழியாக அமைய, அதற்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. இன்று 'தர்பார் பாணி' என்று பந்தல் அமைப்போர், எந்தத் தர்பார், எந்த ஆண்டு என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.

இச்சிந்தனை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைகள் உழைத்த பண்ணை மாளிகைகளில் திருமணம் நடத்துவது நெடுங்கால வழக்கம். 2019 டிசம்பரில் பின்டரெஸ்ட், தி நாட் ஆகிய நிறுவனங்கள் அவ்விடங்களை அழகுபடுத்திக் காட்டும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்த முன்வந்தன. தென் கரோலினாவின் பூன் ஹால் பண்ணையில் 2012-இல் மணந்த நடிகர் ரயன் ரெனால்ட்ஸ், 2020-இல் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்; பின்னர் தம் இல்லத்திலேயே மீண்டும் மணம் செய்துகொண்டதாகவும் கூறினார்.

அவ்வாறாயின் பழைய மாளிகை எதிலும் கால் வைக்கலாகாதா? அவ்வாறு கூறுதல் மிகையாகும். கல்லும் காரையும் பாவம் செய்யா. வாடகை வந்தால் கூரை காக்கப்படும்; சுற்றியுள்ள ஊரார்க்குப் பிழைப்பும் கிடைக்கும். பஞ்சத்தின் நிழல் படாத பழமை இந்நாட்டில் அரிது. 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைக் கண்டு வியப்பவன், அன்னிய ஆட்சிக்கு அடிமையாகிவிட்டான் என்று எவரும் சொல்லார்.

அவரவர் வினை அவரவர்க்கே என்பது நம் கொள்கை. கட்டியவன் வினை வாடகைச் சீட்டின் வழியே கைமாறாது. அன்பருக்கு இதனை ஐயமின்றிக் கூறினோம். ஆயினும் வினை வரும் வழி மூன்று என்பதும் நம் கொள்கையே: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தவரோடு உடன்படுதல். முன்னிரண்டும் இறந்தவனோடு முடிந்தன. மூன்றாவது முடியவில்லை, அது இன்றும் நம் கையில் இருக்கிறது. வீட்டில் தங்குதல் உடன்பாடு அன்று. அவ்வீட்டில் வாழ்ந்த துரையின் வேடத்தைப் புனைந்து, பங்கா இழுத்தவனின் வேடத்தை மற்றொரு மனிதனுக்கு அணிவித்து, அவனைக் கைகட்டி நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும்போது, அக்காட்சி அழகியது என்று உள்ளம் ஒப்புகிறது அன்றோ? அந்த ஒப்புதலே உடன்பாடு. விளையாட்டுத்தானே என்பர். தலைப்பாகை கட்டி நான்கு மணிநேரம் நிற்பவனுக்கு அது விளையாட்டு அன்று, கூலி. பெரும்பாலும் குறைந்த கூலி.

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. பழமையை விரும்புகிறோம் என்கிறோம். ஆனால் எவருடைய பழமையை? இப்பழங்கால விருந்துகள் எல்லாம் இரவை நம்பியவை. பொழுது சாய்ந்தபின் விளக்கேற்றி, புல்வெளியில் மேசையிட்டு உண்பதே அவற்றின் அழகு. பகலவன் மறையுமுன் பந்தியை முடித்த நம் பாட்டன்மாரின் வழக்கம், துரைமாரின் தோட்ட வீடுகளினும் மிகத் தொன்மையானது. அப்பழமை மட்டும் அழைப்பிதழில் இடம் பெறுவதில்லை. பயனின்றித் தீ மூட்டுதல், நீர் இறைத்தல், செடிகொடி கொய்தல் முதலியவற்றைக் குணவிரதங்களுள் விலக்கியிருப்பதை அருங்கலச்செப்புப் பயின்றோர் அறிவர். நீர்நிலையை அடுத்த தோட்டத்தில் நூறு விளக்கு ஏற்றினால் அவற்றை நாடிவரும் சிற்றுயிர்களை எண்ணிப் பாருங்கள்.

எண்ணூரின் பிற்காலத்தையும் மறத்தற்கில்லை. 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையமும், பின்வந்த பிற நிலையங்களும், ஆலைகளும் கொசத்தலையாற்றின் முகத்துவாரத்தை நிறைத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பரவிய எண்ணெய், மீனவர் வலைகளிலும் படகுகளிலும் அப்பிக்கொண்டது. நகரம் தன் உல்லாசத்தை வேறிடம் கொண்டு சென்றது. கழிவை இங்கே விட்டது. மாளிகை விருந்துக்கு ஆகும் மின்சாரத்தில் ஒரு பங்கேனும் இக்கரையிலிருந்து செல்வதே.

அன்பரின் குடும்பம் மாளிகையைக் கைவிடவில்லை; கைவிடுமாறு நாமும் கூறவில்லை. தலைப்பாகைகள் நீங்கின. பணியாளர்க்கும் விருந்தினர்க்கும் ஒரே பந்தி என்று முடிவாயிற்று. விருந்து மாலை ஐந்தரைக்கு என்றபோது சம்பந்தி வீட்டார் சற்றுத் தயங்கி இசைந்தனர். படம் எடுப்பவர் மட்டும் இன்னும் இசையவில்லை. விளக்கே வேண்டாம் என்கிறார் தந்தை. கண்ணாடிக் கூண்டிட்டு, கூடத்தின் உள்ளே இரண்டேனும் வேண்டும் என்கிறாள் மகள். இதனை எழுதும்வரை அது தீரவில்லை.